முட்டி போனா யாரைப் பார்க்கறது?

பெங்களூர் ஆபீஸ்ல எந்த ஊருன்னு கேட்டா "சேலம் பக்கம்"னு சொல்லிப் பழகிட்டேன். ஜலகண்டாபுரம்னு முழுசா சொன்னா, கேட்டவங்க அதைத் திருப்பிச் சொல்றதுக்குள்ள லஞ்ச் பிரேக் முடிஞ்சிடும் :-) ஆனா 2020 டிசம்பருக்கு அப்புறம் சொல்றது சுலபமாயிடுச்சு. "கிரிக்கெட் நடராஜன் இருக்காரில்ல, அவரு சின்னப்பம்பட்டி. அதுக்குப் பக்கம்." அவ்வளவுதான், வட இந்தியப் பசங்க கூட "ஓ யார்க்கர்!"னு கண்ணை விரிப்பாங்க.

கேன்பராவுல 2020 டிசம்பர் 2 அன்னைக்கு ஒருநாள் போட்டி, ரெண்டு நாள் கழிச்சு டி20, 2021 ஜனவரி 15ல பிரிஸ்பேன்ல டெஸ்ட்னு ஒரே டூர்ல மூணு விதத்துலயும் இந்தியாவுக்கு ஆடிட்டு ஊர் திரும்பினவரு. சாரட்டு வண்டியில ஊர்வலமா கூட்டிட்டுப் போனதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. அந்தக் கதையெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது யார்க்கரைப் பத்தி இல்லைங்க, முட்டியைப் பத்தி.

2021 ஐ.பி.எல்.ல ரெண்டே மேட்ச் ஆடினாரு. முட்டியில பிரச்சினை, அந்த ஏப்ரல் கடைசியிலயே ஆபரேஷன். எங்க பக்கத்துல பல பேரு "அவ்ளோதான்யா, முடிஞ்சுது"ன்னாங்க. 2022ல திரும்பி வந்து 18 விக்கெட். 2024ல 19 விக்கெட். நடுவுல என்ன நடந்தது? ஒரு சர்ஜன், ஒரு பிசியோ, ஒரு டிரெய்னர், எப்போ ஓடலாம் எப்போ பந்து போடலாம்னு கணக்குப் போட்டுச் சொல்றதுக்குன்னே ஆளுங்க. தனி மனுஷனோட வைராக்கியம் பெருசுதான், இல்லேங்கல. ஆனா அந்த வைராக்கியத்தை எந்த நாள்ல எவ்வளவு செலவழிக்கணும்னு சொல்ல ஆள் இருந்தது.

இப்போ அதே மண்ணுல இன்னொரு முட்டி கதை.

என் சித்தி பையன். வயசு 22. கபடி ஆடுவான். சுமாரா இல்லை, நல்லாவே ஆடுவான். பாடிப் போனா சும்மா வரமாட்டான்னு பேரு. மின்னொளி கபடிப் போட்டின்னு நோட்டீஸ் ஒட்டினா போதும், நங்கவள்ளி, தாரமங்கலம், எடப்பாடின்னு எங்க இருந்தாலும் டீமோட கிளம்பிடுவான். அவனுக்கு ஒரு கணக்கு இருந்தது. போலீஸ் செலக்‌ஷன். உடல்தகுதித் தேர்வுல 1500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும், கயிறு ஏறணும், தாண்டணும். அதெல்லாம் அவனுக்கு டீ குடிக்கற மாதிரி. அவங்க வீட்டுல ரெண்டு தறி. சித்தப்பாவுக்கு இருக்கற ஒரே ஆசை, பையன் தறிச்சத்தத்தை விட்டு வெளியே போகணுங்கறதுதான்.

போன வருஷப் பொங்கல் போட்டியில, எதிர் டீம் கார்னர்காரன் கணுக்காலைப் பிடிச்சப்ப இவன் உடம்பைத் திருப்பினான். பாதம் மண்ணுல நின்னுடுச்சு, உடம்பு மட்டும் திரும்பிடுச்சு. "டப்"புன்னு சத்தம் அவனுக்கே கேட்டுச்சாம். ராத்திரிக்குள்ள முட்டி தேங்காய் கணக்கா வீங்கிடுச்சு.

அதுக்கப்புறம் நடந்ததை வரிசையா சொல்றேன். இதுல எந்த ஊர், எந்தப் பேர்னு கேக்காதீங்க, அது முக்கியமில்லை. எல்லா ஊர்லயும் இதே வரிசைதான்.

முதல்ல கட்டு கட்டறவர். பத்து நாள் எண்ணெய்க் கட்டு. வீக்கம் வத்திடுச்சு. "எலும்பு கூடிடுச்சு, இனி ஆடலாம்"னாரு. எலும்பு உடையவே இல்லைங்கறது வேற விஷயம்.

சித்திரையில திரும்ப ஆடினான். பாடிட்டுத் திரும்பும்போது முட்டி நழுவுச்சு. அடி கூட படல, தானாவே நழுவுச்சு.

அப்புறம் எக்ஸ்ரே. "எலும்பெல்லாம் நல்லா இருக்கு, ஒண்ணுமில்ல"ன்னு வலி மாத்திரை.

அப்புறம் இன்னொரு பெரிய இடம். ஸ்கேனைப் பார்த்த கையோட "நாளைக்கே ஆபரேஷன், ஒண்ணரை லட்சம் கட்டுங்க". ஏன், எதுக்கு, பண்ணலைன்னா என்ன ஆகும்னு சித்தப்பா கேட்டதுக்கு, "பண்ணலைன்னா நொண்டிதான்"னு ஒரே வரியில பதில். சித்தப்பா அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணி, "சாமி, ஒரு தறியைக் குடுத்துரலாமான்னு பாக்கறேன்"னாரு.

நான் பொட்டி தட்டறவன். எனக்குத் தெரிஞ்ச ஒரே மருத்துவம், ரீஸ்டார்ட் பண்றது. ஆனா ஒரு புரோகிராம்ல பிழைன்னு வந்தா, எங்கே பிழைன்னு தெரியாம சர்வரையே மாத்தச் சொன்னா ஒத்துக்க மாட்டோமில்ல? அந்தப் பழக்கத்துல ரெண்டு நாள் பொறுங்க சித்தப்பான்னு சொல்லிட்டுத் தேட ஆரம்பிச்சேன். நண்பரோட நண்பர் மூலமா கோயமுத்தூர்ல ஒரு டாக்டரம்மா கிடைச்சாங்க. போர்டுல "ஸ்போர்ட்ஸ் மெடிசின்"னு இருந்தது. அப்படி ஒரு மெடிசின் இருக்கறதே சித்தப்பாவுக்கு ஆச்சரியம். "விளையாட்டுக்குன்னு தனியா டாக்டரா?"

அந்தம்மா ஸ்கேனைத் தொடறதுக்கு முன்னாடி முட்டியைத் தொட்டாங்க. லேசா மடக்கி, ஒரு கையால தொடையைப் பிடிச்சு, இன்னொரு கையால கீழ்க்காலை முன்னால இழுத்துப் பார்த்தாங்க. நல்ல காலையும் அதே மாதிரி. "பாருங்க, இது நிக்குது, இது வழுக்கிட்டு வருது." ரெண்டு நிமிஷம். ஏ.சி.எல். போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எம்.ஆர்.ஐ. படத்தைத் திறந்தாங்க.

ஏ.சி.எல்.னா முட்டிக்குள்ள குறுக்கால போற ஒரு தசைநார். தொடை எலும்புக்குக் கீழே கால் எலும்பு முன்னால வழுக்காம பிடிச்சுக்கற கயிறுன்னு வெச்சுக்கங்க. எக்ஸ்ரேயில எலும்பு தெரியும், கயிறு தெரியாது. அதனாலதான் "ஒண்ணுமில்ல". நேரா நடக்கறதுக்கு அது பெருசா வேண்டியதில்லை. சடார்னு திரும்பறதுக்கு வேணும். கபடின்னா திரும்பறதுதானே ஆட்டமே.

"ஆபரேஷன் பண்ணலைன்னா நொண்டியாங்க?"ன்னு சித்தப்பா கேட்டாரு. அந்தம்மா சொன்ன பதிலை அப்புறம் நானே படிச்சும் பார்த்துக்கிட்டேன். ஸ்வீடன்ல இதே மாதிரி ஏ.சி.எல். அறுந்த 121 இளவயசுக்காரங்களை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். இன்னொரு பாதிக்கு முதல்ல பயிற்சி, முட்டி நழுவிக்கிட்டே இருந்தா மட்டும் பிறகு ஆபரேஷன். 2010ல முடிவு வந்தது. ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு குழுவோட முட்டியும் ஏறக்குறைய ஒரே நிலைமை. ரெண்டாவது குழுவுல இருந்த 59 பேர்ல 23 பேருக்குத்தான் ஆபரேஷனே தேவைப்பட்டது. இதுல தொழில்முறை ஆட்டக்காரங்களைச் சேர்க்கலைங்கறதையும் சொல்லணும். "அதனால எல்லாருக்கும் இதே கணக்குன்னு நான் சொல்லமாட்டேன்"னாங்க டாக்டரம்மா.

இன்னொண்ணும் சொன்னாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிட்டாலும் ஒன்பது மாசத்துக்கு முன்னாடி களத்துல இறங்கக் கூடாது. நார்வேயில 2016ல வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஒன்பதாவது மாசம் வரைக்கும், திரும்ப ஆடறதை ஒவ்வொரு மாசம் தள்ளிப் போடும்போதும் மறுபடி அடிபடற வாய்ப்பு கிட்டத்தட்ட பாதியா குறையுதாம். எங்க ஊர்ல எப்படின்னா, தையல் பிரிச்ச மூணாவது மாசம் "இன்னும் என்னடா பொம்பளை மாதிரி"ன்னு டீமே கூப்பிடும். (இந்த வசனத்துக்கு வீட்டம்மாக்கள் என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க, நான் சொல்லலை.)

பேசிக்கிட்டு இருக்கும்போதே என் கண்ணு சுவத்துல இருந்த ஒரு சான்றிதழ் மேல போச்சு. இந்திய விளையாட்டு மருத்துவச் சங்கம், அதாவது இந்தியன் அசோசியேஷன் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின், உறுப்பினர். "இது என்ன சங்கம் மேடம்?"னேன். அவங்க சிரிச்சுட்டு, "உங்க ஊர்ல நெசவாளர் சங்கம் இருக்கில்ல? அது மாதிரி எங்களுக்கு ஒண்ணு"ன்னாங்க.

அந்த ஒரு வரி எனக்குப் பிடிச்சுப் போச்சு. நெசவாளர் சங்கம் துணி நெய்யறதில்லை. நூல் என்ன தரம், கூலி என்ன, எது சரியான சேலைன்னு ஒரு அளவு வெக்கும். டாக்டருங்க சங்கமும் முட்டியை ஆபரேஷன் பண்றதில்லை. உறுதியா தெரிஞ்சது எது, தெரியாதது எது, அடிபட்டவன் எப்போ திரும்ப ஆடலாம்னு கூடிப் பேசி ஒரு அளவு வெக்கும். அந்த அளவு இல்லாத இடத்துலதான் ஒருத்தர் "ஒண்ணுமில்ல"ன்னும், இன்னொருத்தர் "நாளைக்கே ஆபரேஷன்"னும் சொல்றாரு.

ஊருக்குத் திரும்பற பஸ்ல இருந்தே படிக்க ஆரம்பிச்சேன். (ஆபீஸ்ல அந்த வாரம் ஆணி கம்மி. அதையும் சொல்லிடறேன்.)

1928ல ஸ்விட்சர்லாந்துல செயின்ட் மோரிட்ஸ்ங்கற இடத்துல குளிர்கால ஒலிம்பிக் நடந்தப்ப, அணிகளோட வந்த டாக்டருங்க கூடிப் பேசி ஒரு சர்வதேச சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அதைச் சுருக்கமா "ஃபிம்ஸ்"ங்கறாங்க. நம்ம இந்தியச் சங்கமும் அதுல உறுப்பு. 1954ல அமெரிக்காவுல 11 பேர் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின். பேர்ல காலேஜ் இருந்தாலும் அது காலேஜ் இல்லை, சங்கம்தான். அதுல என்னை நிறுத்தினது ஒரு விஷயம். ஆரம்பிச்ச அந்த 11 பேருமே டாக்டருங்க இல்லை. டாக்டர், உடலியங்கியல் ஆராய்ச்சியாளர், உடற்கல்வி ஆசிரியர்னு மூணு வகை ஆளும் இருந்தாங்க.

அதாவது பி.டி. மாஸ்டரும் டாக்டரும் ஒரே மேசையில.

நம்ம ஸ்கூலை நினைச்சுப் பாருங்க. பி.டி. மாஸ்டருக்குக் கிரவுண்டு தெரியும், முட்டிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. டாக்டருக்கு முட்டி தெரியும், கார்னர்காரன் எப்படிப் பிடிப்பான்னு தெரியாது. ரெண்டு பேரும் வாழ்நாள்ல ஒரு தடவையாவது சேர்ந்து ஒரு டீ குடிச்சிருப்பாங்களா? அந்த இடைவெளியில விழுந்தவன்தான் எங்க தம்பி.

நம்ம நாட்டுல ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல வரலை. 1961லயே பாட்டியாலாவுல, மகாராஜா அரண்மனையில தேசிய விளையாட்டு நிறுவனம் வந்தாச்சு. டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில 2010ல விளையாட்டுக் காயங்களுக்குன்னே தனி மையம் திறந்தாங்க. சென்னை போரூர்ல ஸ்ரீ ராமச்சந்திராவுல இருக்கற விளையாட்டு அறிவியல் மையம், பந்துவீச்சு ஆக்‌ஷனைச் சோதிக்க ஐ.சி.சி. அங்கீகாரம் வாங்கினது. எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின்னு தனிப் படிப்பே இருக்கு, சீட்டுதான் சொற்பம். பாட்டியாலா, டெல்லி, போரூர். இதுல எதுக்கும் ஜலகண்டாபுரத்துல இருந்து டவுன் பஸ் கிடையாது.

"சரி, கபடி ஆடறவனுக்கு இது. எனக்கென்ன?"ன்னு யோசிக்கறீங்களா? அங்கேதான் வர்றேன். இந்தச் சங்கங்க வெறும் ஆட்டக்காரங்க முட்டியை மட்டும் பேசிட்டு இருக்கறதில்லை. ஆடாதவங்களைப் பத்திதான் அவங்க அதிகம் கவலைப்படறாங்க. தினமும் அரை மணி நேரம் நடங்கன்னு இன்னைக்கு எல்லா டாக்டரும் சொல்றாங்களே, அதை 1995ல எழுதி வெச்சது அந்த அமெரிக்கச் சங்கமும் அவங்க அரசு நோய்த்தடுப்பு மையமும் சேர்ந்துதான். 2007ல "உடற்பயிற்சியே மருந்து"ன்னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க.

இதுக்கெல்லாம் வேர் எங்கே இருக்குன்னு பார்த்தா, ஒரு பஸ்ஸுல. ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர். லண்டன் மாடி பஸ்ல ஒரே பஸ், ஒரே ரூட், ஒரே புகை. டிரைவர் நாள் முழுக்க உக்காந்திருக்காரு, கண்டக்டர் நாளைக்கு 500 படிக்கு மேல ஏறி இறங்கறாரு. 1953ல அவர் கணக்கை வெளியிட்டாரு. மாரடைப்பு கண்டக்டருக்குக் கம்மி, டிரைவருக்கு ஜாஸ்தி. "குண்டா இருந்தவங்கதான் டிரைவர் வேலைக்கே போனாங்களோ?"ன்னு சந்தேகம் வந்தது. உடனே மனுஷன் யூனிபார்ம் தைச்ச கணக்கை எடுத்து, பேண்ட் இடுப்பளவை எல்லாம் வெச்சு 1956ல இன்னொரு கட்டுரை எழுதினாரு. டிரைவருங்க இடுப்பு பெருசுதான். ஆனா அதோட விடாம, அரசாங்க ஊழியர்களை எடுத்துக்கிட்டு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினாரு. 99 வயசு வரைக்கும் இருந்தாரு. சொன்னதைச் செஞ்சிருக்காருன்னு அர்த்தம் :-)

நான் டிரைவர் கேஸ். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலி. அது எனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா எங்க அப்பா?

அப்பாவுக்குப் போன வருஷம் சர்க்கரை டெஸ்ட்ல எல்லைக்கோட்டுல நின்னது. "நடங்கப்பா"ன்னேன். "ஏஞ்சாமி, நாலு தறிக்கு நடுவுல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நடந்துக்கிட்டேதான் இருக்கேன். இதுக்கு மேல ஷூ போட்டுக்கிட்டு ரோட்டுல வேற நடக்கணுமா?"ன்னாரு. தறி ஓட்டறவங்க வீட்டுல பொறந்தவங்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்றது எவ்வளவு கஷ்டம்னு தெரியும்.

பதில் சென்னையிலயே இருந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006ல வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. அப்பா மாதிரியே எல்லைக்கோட்டுல நின்ன 531 பேர். ஒண்ணும் செய்யாம விட்ட குழுவுல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு சர்க்கரை வந்துடுச்சு. சாப்பாடு, நடை இந்த ரெண்டையும் மாத்தின குழுவுல 39 சதவீதம். மாத்திரை கொடுத்த குழுவுலயும் கிட்டத்தட்ட அதே 40. மாத்திரை செய்யற வேலையை நடையும் சாப்பாடும் செஞ்சிருக்கு!

ஆனா அதுல எனக்கு முக்கியமா பட்டது வேற. உட்கார்ந்து வேலை பாக்கறவங்களைத்தான் அரை மணி நேரம் வேகமா நடக்கச் சொல்லியிருக்காங்க. ஏற்கனவே உடலுழைப்பு வேலையில இருக்கறவங்களை, இருக்கறபடியே தொடரச் சொல்லிட்டு, சாப்பாட்டைப் பார்த்துக்கச் சொல்லியிருக்காங்க. அப்போ அப்பா சொன்னதுல பாதி நியாயம் இருக்கு. (தறிக்கு நடுவுல ஆமை வேகத்துல நடக்கறதும், மூச்சு வாங்க நடக்கறதும் உடம்புக்கு ஒண்ணு இல்லைங்கறது மீதிப் பாதி. அதை ஒரேயடியா சொன்னா மனுஷன் கோச்சுக்குவாரு.) அதனால சண்டையைத் தட்டுப் பக்கம் திருப்பினேன். சாயங்கால டீக்குச் சர்க்கரை போச்சு. ராத்திரி ரெண்டாவது தட்டுச் சோறு போச்சு. அம்மாவுக்குத்தான் வருத்தம், "உழைக்கற உடம்பு, பாதி வயித்துக்குப் போடறியே"ன்னு.

நாடு முழுக்க எப்படி இருக்குன்னும் பாருங்க. ஐ.சி.எம்.ஆர். ஆய்வு ஒண்ணு, தமிழ்நாடு உள்பட நாலு இடத்துல 14,227 பேரை எடுத்துப் பார்த்து 2014ல வெளியானது. பாதிக்கு மேல, 54.4 சதவீதம் பேர் உடலியக்கம் போதாதவங்க. பொழுதுபோக்கா ஓடறது, ஆடறது, பயிற்சி பண்றதுன்னு இருந்தவங்க பத்து சதவீதம் கூட இல்லை. 2023ல வந்த அடுத்த கணக்குல சர்க்கரை உள்ளவங்க 10.1 கோடி, எல்லைக்கோட்டுல 13.6 கோடி. அரசாங்கம் 2021ல மக்களைத் தேடி மருத்துவம்னு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தாங்க. எங்க பாட்டிக்கு பிரஷர் மாத்திரை அப்படித்தான் வந்தது, நல்ல விஷயம். 2023ல ஒவ்வொரு மாவட்டத்துலயும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைன்னு ஒரு திட்டம். அதுவும் நல்லதுதான். ஆனா ஆடற வயசுல முட்டி உடைஞ்சவன் நாற்பது வயசுல எந்தப் பாதையில நடப்பான்? அடிபட்ட முட்டி பின்னாடி தேய்மானத்துக்குப் போற வாய்ப்பு அதிகம். வலிக்கற முட்டியோட எவனும் நடக்கறதில்லை. நடக்காதவனுக்கு எது வரும்னு மேல சொல்லியாச்சு. விளையாட்டு மருத்துவமும் நோய்த் தடுப்பும் ஒரே சங்கத்துக்குள்ள ஏன் இருக்குன்னு எனக்கு அப்போதான் விளங்குச்சு.

தம்பி கதைக்கு வர்றேன். டாக்டரம்மா ரெண்டு வழி சொன்னாங்க. தொடையை உரமேத்தற பயிற்சியை ஆறு மாசம் ஒழுங்கா பண்ணினா நேரா ஓடறது வந்துடும், போலீஸ் தேர்வை முயற்சி பண்ணலாம். கபடி ஆடியே தீரணும்னா ஆபரேஷன், அதுக்கப்புறம் முழுசா ஒன்பது மாசம். அந்த வருஷத் தேர்வு போயிடும். "எது வேணும்னு நான் சொல்லமாட்டேன். உன் காலு, நீதான் சொல்லணும்"னாங்க. இத்தனை நாள்ல அவனைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அவங்கதான்.

ஒரு வாரம் யார்கிட்டயும் பேசலை. அப்புறம் "ஓடறேன்ணா"ன்னான். சேலத்துல ஒரு பிசியோதெரபிஸ்ட் கிட்ட வாரம் ரெண்டு நாள், மத்த நாள் வீட்டு மொட்டைமாடி. ஏழாவது மாசம் 1500 மீட்டரை ஏழரை நிமிஷத்துல முடிச்சான். இன்னும் அரை நிமிஷம் பாக்கி. சித்தப்பா தறியை விக்கலை. ஆனா இந்தப் பொங்கலுக்கு மின்னொளிப் போட்டி நடந்தப்ப, இவன் கிரவுண்டுப் பக்கமே வரலை. மைக் சத்தம் வீட்டுக்குக் கேக்கும். தறியை ஓடவிட்டு அதுக்குள்ள போய் நின்னுக்கிட்டான். அதுக்கு எந்தச் சங்கத்துக்கிட்டயும் மருந்து இல்லை.

போட்டி நடத்தற பசங்ககிட்ட ரெண்டு விஷயம் கேட்டிருக்கேன். ஒண்ணு, ஆட்டத்துக்கு முன்னாடி இருபது நிமிஷம் முறையான வார்ம்-அப். ஃபுட்பால்காரங்களுக்காக ஃபிஃபா "11 பிளஸ்"னு ஒண்ணு வெச்சிருக்காங்க. ஒரு பைசா செலவில்லை. குதிச்சு இறங்கும்போது முட்டி உள்ளே மடங்காம இறங்கறது, ஒத்தைக்கால்ல நிக்கறது, தொடைப் பயிற்சின்னு எல்லாம் அதுல இருக்கு. நார்வே பொண்ணுங்க கிட்ட பண்ணின சோதனையில பலத்த காயங்க பாதியா குறைஞ்சிருக்கு. ரெண்டாவது, முட்டியில "டப்"புன்னு கேட்டு அன்னைக்கே வீங்கினா, தேய்க்காதீங்க, இழுக்காதீங்க. ஐஸ் வெச்சுக் கட்டி, டாக்டர்கிட்ட "தசைநாரைச் சோதிச்சுப் பாருங்க"ன்னு வாயைத் திறந்து கேளுங்க.

முதல் கோரிக்கைக்கு "பாக்கலாம்ணா"ன்னிருக்காங்க. நம்ம ஊர்ல "பாக்கலாம்"னா என்னன்னு உங்களுக்கே தெரியும். ஆனா ஸ்கூல் பசங்க டீம் ஒண்ணு ஒத்துக்கிச்சு. சாயங்காலம் அஞ்சரைக்கு வார்ம்-அப் சொல்லித்தர ஆள் வேணும்னாங்க. தம்பிகிட்ட கேட்டிருக்கேன். இன்னும் பதில் சொல்லலை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.இ. தான். இதைப் படிச்சுட்டு உங்க முட்டிக்கு நீங்களே வைத்தியம் பார்க்காதீங்க. உங்க ஊர்ப் பக்கம் விளையாட்டு மருத்துவம் படிச்ச டாக்டரோ நல்ல பிசியோவோ இருந்தா சொல்லுங்க. சேலம், நாமக்கல், ஈரோடுன்னு ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொரு கபடி டீமுக்கும் கொடுக்கலாம்னு இருக்கேன்.